நண்டுக் கதையை எழுதிவிடு, பாப்பா

வடக்கு வீதி,
சிதம்பரம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது.  

போன வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். குக்கர் விசில் அடிக்கிறது, சின்னவன் குளிக்க மாட்டேன் என்கிறான் என்று சொல்லி வைத்துவிட்டாய். அதுவும் நல்லதுதான். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

வீட்டில் நடக்கிற கூத்தை ஆபீஸில் சொன்னால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், பஸ்ஸில் கூட வருகிற டீச்சர் இதையெல்லாம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்கிறார், எழுதலாமா அத்தை, குடும்ப விஷயத்தைத் தெருவில் போட்ட மாதிரி ஆகிவிடுமா என்று கேட்டாய். எழுது பாப்பா. கட்டாயம் எழுது. ஆனால் எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சில எண்ணங்கள் உண்டு. வயதில் மூத்தவள், வாரப் பத்திரிகை வராத வாரம் தெரியாமல் வளர்ந்தவள், தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் தயக்கத்தைப் பார்ப்போம். “பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு” என்று உன் ஆயா வாய்க்கு வாய் சொல்லும். நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த பெண்கள். சின்ன வயதில் உன்னைத் தில்லைக் காளி கோயிலுக்குக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கிறதா? சிவனோடு போட்டி போட்டு ஆடினாள், அவர் காலைத் தலைக்கு மேலே தூக்கினார், இவளுக்கு வெட்கம் தடுத்தது, தோற்றாள், ஊர் எல்லையில் வந்து உட்கார்ந்தாள் என்று கதை சொன்னேன். “இவங்களும் தூக்கியிருக்கலாம்ல அத்தை?” என்று கேட்டாய். அன்றைக்கு உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. வீட்டில் நடப்பதை வாய்விட்டுச் சொல்லிச் சிரிக்க ஒரு பெண்ணுக்கு வெட்கம் எதற்கு? அவள் சொல்லாவிட்டால் அவளுக்குப் பதிலாக வேறு யாரோ சொல்லிவிடுகிறார்கள்.

அப்படித்தான் இத்தனை காலமும் நடந்திருக்கிறது. பத்திரிகையில் வருகிற குடும்ப ஜோக்குகளை நினைத்துப் பார். பூரிக்கட்டையோடு வாசலில் நிற்கிற மனைவி. நகை கேட்கிற மனைவி. அவள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுகிற கணவன். மாமியார் ஊரிலிருந்து வருகிறாள் என்றதும் மயங்கி விழுகிற மருமகன். படம் போட்டவரும் ஆண், வசனம் எழுதியவரும் பெரும்பாலும் ஆண். நானும் சிரித்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கையில் கட்டை இருக்கிறதே, அந்தக் கட்டையால் அவள் தேய்த்த பூரி எங்கே போயிற்று என்று ஒரு ஜோக்கும் கேட்டதில்லை. மாவு பிசைந்தது, எண்ணெய் காய்ந்தது, கடைசிப் பூரி அவளுக்கு இல்லாமல் போனது, எதுவும் படத்துக்குள் வராது. அவள் ஏன் கோபமாக நிற்கிறாள் என்பதும் வராது. உள்ளே இருப்பவள் எழுதினால்தான் அதெல்லாம் வரும்.

எழுதியவர்கள் இருக்கிறார்கள். குமுதினி என்ற பெயரை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். ரங்கநாயகி தாதம் என்பது சொந்தப் பெயர். 1905-ல் பிறந்து 1986 வரை வாழ்ந்தவர். ஸ்ரீரங்கத்தில் ஆசாரமான வைணவக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு, காது கேட்பது குறைந்துபோய், கூட்டுக் குடும்பத்தின் அத்தனை வேலைகளுக்கும் நடுவே எழுதினார். கதர் கட்டிய காந்தி பக்தை. ஆனந்த விகடனில் அவருடைய கட்டுரைகள் வந்தன. ‘சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்’ என்ற பெயரில் புத்தகமாகவும் வந்தது. தலைப்பைப் பார், வீட்டுக்குள் நடப்பது எல்லாம் சில்லறை என்று உலகம் சொல்கிறதா, சரி, அந்தச் சில்லறையை வைத்தே ஒரு கம்பெனி திறக்கிறேன் என்கிறார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ‘அந்தப்புரத் தபால்’. ராணிகள் பிறந்த வீட்டுக்கு எழுதுகிற கடிதங்கள். அதில் சீதை மிதிலையில் இருக்கும் தன் அம்மாவுக்கு எழுதுகிறாள். எதைப் பற்றி? புடவையைப் பற்றி. எந்த நிறம், எந்தக் கரை, பட்டாபிஷேகத்துக்கு எதைக் கட்டுவது என்று. கடைசியில் காட்டுக்குப் போகும்படி ஆகிவிட, புடவைக் கவலையே தீர்ந்துபோகிறது. படிக்கும்போது சிரிப்பு வரும். முடிக்கும்போது ராமாயணத்தை ஒரு மருமகளின் இடத்திலிருந்து பார்த்துவிட்டோம் என்று தெரியும். யாரையும் திட்டவில்லை, யாரையும் கோமாளி ஆக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் பாப்பா. கையில் கிடைத்தால் படி. அண்ணாமலை நகர் நூலகத்துக்குப் போகும்போது நானும் தேடிப் பார்க்கிறேன்.

“நான் என்ன எழுத்தாளரா அத்தை” என்றாய். நீ தினமும் பஸ் ஏறுகிற திருப்பாப்புலியூரில்தான் 1906-ல் புதுமைப்பித்தன் பிறந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஞானபீட விருது அவரைத் தேடி வந்தது. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கி, நூற்றுக்கு மேல் நாவல் எழுதினாரே, அவருக்கு ஆரம்பத்தில் எழுதவே வராது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக்கொடுத்தார். நீ எனக்கு வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்புகிறாயே, அதில் பாதிக் கதை ஏற்கெனவே எழுதியாயிற்று. அதைக் கேட்டு, நீ சொன்ன வரிசையிலேயே நோட்டில் இறக்கு. எழுத்தாளர் மாதிரி எழுதப் பார்க்காதே. “அதிகாலைப் பொழுதில் கதிரவன் தன் பொற்கரங்களை” என்று ஆரம்பித்தால் நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன்.

இப்போது உன் நண்டுக் கதைக்கு வருகிறேன். அந்தக் கதையை வைத்துத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நீ சொன்னபடி நடந்தது இது. ஆபீஸ் விட்டு வரும்போது, கிள்ளைப் பக்கத்திலிருந்து கூடையோடு வருகிற அம்மாவிடம் சேற்று நண்டு வாங்கினாய். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுச் சேற்றில் பிடித்த உயிர் நண்டு, கொடுக்கைக் கயிறு போட்டுக் கட்டியது. ஒயர் கூடையில் வைத்து பஸ் ஏறினாய். புதுச்சத்திரம் தாண்டும்போது கூடை அசைந்தது, பக்கத்துச் சீட்டுப் பெரியவர் இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். கூத்தப்பாக்கம் வீட்டுக்கு வந்து நண்டைத் தொட்டியில் போட்டுவிட்டுச் சின்னவனின் கணக்கு நோட்டைப் பார்க்க உட்கார்ந்தாய். ஒன்றுக்குக் கயிறு அவிழ்ந்துவிட்டது. அது தொட்டியை விட்டு இறங்கி வாஷிங் மெஷின் அடியில் போய்விட்டது. மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்று செல்போன் டார்ச் அடித்தார். பெரியவள் வீடியோ எடுத்தாள். சின்னவன் நண்டைக் கொல்லக் கூடாது, இப்போதே சில்வர் பீச்சுக்குக் கொண்டுபோய்க் கடலில் விட வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதான். நீ விளக்குமாற்றால் குத்தினாய், நண்டு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டது.

சீரியல் பார்த்துக்கொண்டிருந்த உன் மாமியார் எழுந்து வந்தார். பரங்கிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர் அல்லவா! “நண்டுக்குப் போயா இவ்ளோ கூப்பாடு” என்று ஒரு வார்த்தை. ஈரச் சாக்கை எடுத்து அதன்மேல் போட்டு, முறத்தால் தள்ளி, பின்பக்கமாக ஓட்டை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கித் தொட்டியில் போட்டுவிட்டு, விளம்பரம் முடிவதற்குள் திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டார். மிளகும் சோம்பும் தேங்காயும் அரைத்துக் குழம்பு வைத்து இறக்கியபோது மணி பத்து. கடலில் விடச் சொல்லி அழுத பிள்ளை, “எனக்குப் பெரிய கொடுக்கும்மா” என்று தட்டை நீட்டினான்.

நீ இதைச் சொல்லிக் கேட்டு உன் மாமாவுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

நன்றாகக் கவனி. இந்தக் கதையில் உன் மாமியார் யார்? ஐம்பது வருடப் பத்திரிகை ஜோக்குகளில் நான் பார்த்த எந்த மாமியாரும் இல்லை. வீட்டில் நண்டு பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். நீ உள்ளபடி சொன்னதால் அவர் அப்படி வந்தார். ஜோக்குக்காகச் சொல்லியிருந்தால், நண்டையும் மாமியாரையும் ஒப்பிட்டு இரண்டு வரி போட்டிருப்பாய், எல்லாரும் சிரித்திருப்பார்கள், உன் மாமியார் கதையிலிருந்து காணாமல் போயிருப்பார். கண்ணால் பார்த்ததை எழுது. பிறத்தியார் செய்துவைத்த அச்சில் உன் வீட்டு ஆட்களை ஊற்றாதே.

இன்னொன்று. நீ கதையைப் பிள்ளை கொடுக்கு கேட்ட இடத்தில் முடித்துவிடுகிறாய். கைதட்டல் வாங்குகிற இடம் அதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கப்புறம் என்ன நடந்தது என்று நான் துருவிக் கேட்டபோது சொன்னாயே: எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்தார்கள். நீ ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றி, தொட்டியைத் தேய்த்து, வாடை போக எலுமிச்சைத் தோல் போட்டுத் தரையைத் துடைத்து, காலைக்கு மாவு இருக்கிறதா என்று பார்த்து, மறுநாள் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவார்கள் என்பது ஞாபகம் வந்து ராத்திரியே சட்னிக்கு அரைத்து வைத்து, அப்புறம்தான் படுத்தாய். ஐந்து மணிக்கு முன்னால் எழுந்தாய். அந்த நேரத்தையும் எழுது. அழுகையாக எழுத வேண்டியதில்லை. நண்டு வாஷிங் மெஷின் அடியில் போனதை எப்படிச் சொன்னாயோ அப்படியே, அதே குரலில், இன்னது செய்தேன் இன்னது செய்தேன் என்று எழுதிவிடு. சிரித்துக்கொண்டே வருகிற வாசகருக்கு அங்கே தானாகவே ஒரு யோசனை வரும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மத்திய அரசு நாட்டு மக்கள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கு எடுக்கிறது. 2019 கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் திரும்ப எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருடத்தில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது, அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. பேப்பரில் இதைப் படித்தவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பார்கள். உன் நண்டுக் கதையைப் படித்தவர் அப்படிப் போக முடியாது. 289 நிமிடம் என்பது எலுமிச்சைத் தோலும் ராத்திரிச் சட்னியும்தான் என்று காட்ட உன்னைப் போன்றவளால்தான் முடியும்.

அமெரிக்காவில் அப்படிக் காட்டிய எர்மா பாம்பெக் என்று ஒரு அம்மா இருந்தார். ஒஹையோ மாநிலத்துக்காரர், 1927-ல் பிறந்தவர். மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு நகரத்து ஓரத்துக் காலனியில் குடியிருந்தார், நீ கூத்தப்பாக்கத்தில் இருப்பது மாதிரி. 1964-ல் உள்ளூர்ச் சின்னப் பத்திரிகை ஒன்றில் வாரம் ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தார், கட்டுரைக்கு 3 டாலர். துணி மூட்டை, பள்ளிக்கூட வண்டி, காணாமல் போகிற ஒற்றைச் சாக்ஸ், எல்லாம் நம் வீட்டு விஷயம்தான். நாளடைவில் ஏறக்குறைய 900 பத்திரிகைகளில் அவர் எழுதியது வந்தது. பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துக்கொண்டார்கள். எனக்கு அவரைப் பிடிப்பது அதற்காக மட்டும் இல்லை. பெண்களுக்குச் சம உரிமை தர அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அங்கே இயக்கம் நடந்தபோது, இந்தச் சிரிப்பு எழுதுகிற அம்மா ஊர் ஊராகப் போய் அதற்காகப் பேசினார். வீட்டு வேலையைப் பார்த்துச் சிரித்தவர், அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி எழுதுவது எப்படி என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர் நல்லவர். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்தும் பெரியவளை டியூஷனில் விட்டுக் கூட்டி வருகிறார். அவருக்குத் துவரம்பருப்பு டப்பா எது, கடலைப்பருப்பு டப்பா எது என்று தெரியாது, ஒருநாள் கடலைப்பருப்பில் சாம்பார் வைக்கப் போனார் என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாய். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. ஒன்றும் தெரியாத புருஷன் என்பது பூரிக்கட்டை ஜோக்கின் மறுபக்கம். பார்க்க அவரைக் கேலி செய்வது மாதிரி இருக்கும். உண்மையில் அவருக்கு அது விடுதலைப் பத்திரம். “எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க” என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, இனிமேலும் தெரிய வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஆலையில் எந்த வால்வு எந்தக் குழாய்க்கு என்று ராத்திரி ஷிப்டிலும் தப்பாமல் சொல்லத் தெரிந்த மனிதருக்கு இரண்டு பருப்பு டப்பா தெரியாமல் போக ஒரு காரணமும் இல்லை. தெரிந்துகொள்ளும்படி யாரும் விடவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அந்தச் சாம்பார்க் கதையை எழுதினால், அவர் இரண்டாவது தடவை சரியாக வைத்ததையும் எழுது. இன்னும் வைக்கவில்லை என்றால் முதலில் வைக்கச் சொல், அப்புறம் எழுது. அந்தக் கட்டுரை இன்னும் நன்றாக வரும். நடுவில் புளி எவ்வளவு என்று அவர் உனக்கு எத்தனை தடவை போன் செய்கிறார் பார்.

பிள்ளைகள் விஷயம் வேறு. பெரியவர்களுக்குப் பதில் சொல்ல வாய் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி நாம் எழுதுவது அவர்கள் கூடவே வளரும். மாறுவேடப் போட்டிக்குச் சின்னவனைப் பண்ருட்டிப் பலாப்பழமாக அனுப்பினாயே, முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு, “நாளைக்கு நான் பழமா வரணும்மா” என்று அவன் சொல்ல, உன் பச்சைப் புடவையும் மாமியாரின் தையல் டப்பாவும் சேர்ந்து விடிவதற்குள் ஒரு பலாப்பழம் உருவானதே, அது வரைக்கும் தாராளமாக எழுது. மேடையில் ஏறிய பிறகு நடந்தது இருக்கிறதே, அது அவனுடையது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதை வைத்து அவனைக் கூப்பிடுகிற பெயரும் அவனுடையது. அவனைக் கேட்டு, அவன் சரி என்றால் மட்டும் எழுது. வேண்டாம் என்றால் விட்டுவிடு, எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் விட்டுவிடு. பெரியவளிடமும் அப்படித்தான், எட்டாவது படிக்கிற பெண், நீ எழுதுவதை அவள் கூடப் படிக்கிறவர்களின் அம்மாக்கள் படிப்பார்கள்.

எல்லாமே சிரிப்பாக வர வேண்டும் என்றும் இல்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூரில் அடித்தபோது நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. உங்கள் தெருவில் நாலைந்து வீட்டு அரிசியை ஒரே அண்டாவில் போட்டு நீங்கள் ஆக்கியதைச் சொல்லியிருக்கிறாய். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் மூன்று பேர் உப்புப் போட்டுவிட, அந்தச் சோற்றையும் எல்லாரும் சாப்பிட்டீர்கள். அந்த உப்பை எழுதலாம். ஆனால் ஓடு பறந்த வீட்டில் உட்கார்ந்து அழுத அம்மாவின் பக்கத்தில் அதை வைக்கும்போது, எது எங்கே என்று பார்த்து வை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது உனக்கே தெரியும். சிரிப்பு வருகிற இடமும் வராத இடமும் நம் வீடுகளில் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

எப்போது எழுதுவது என்பதுதான் பெரிய கேள்வி, தெரியும். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. ஏற்கெனவே குறைகிற தூக்கத்தில் இன்னும் ஒரு மணி நேரத்தை வெட்டினால், இதுவும் யார் கண்ணிலும் படாத இன்னொரு வேலையாகிவிடும். நேரத்தைத் தூக்கத்திடம் வாங்காதே, வீட்டிடம் வாங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை கறி எடுப்பது, அரிவது, சமைப்பது எல்லாம் மாப்பிள்ளை பார்க்கட்டும். பாத்திரம் பெரியவள். நீ நோட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போ. “அம்மா எழுதுறாங்க” என்று உன் பிள்ளைகள் வாசலில் வருபவர்களிடம் சொல்லிப் பழகட்டும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிற நாளில் குறிப்பு எடு. ஆலப்பாக்கம் தாண்டினால் கொஞ்சம் நெரிசல் குறையும் என்பாயே.

குறிப்பு எடுக்கும்போது யார் என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே எடு. உன் மாமியார் பேசுகிற பேச்சை நீ திருத்தி எழுதினால் அந்த நண்டு செத்துவிடும். விலையை எழுது, மணியை எழுது, பாத்திரத்தின் பெயரை எழுது. “சமையல் செய்தேன்” என்று எழுதாதே, மிளகு சோம்பு தேங்காய் என்று எழுது.

முதல் கட்டுரையை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால் உன் மாமியாருக்குப் படித்துக் காட்டு. குடும்பத்தைத் தெருவில் போடுவதா என்று நீ பயந்தாயே, அந்தப் பயத்துக்கு மருந்து அதுதான். சம்பந்தப்பட்டவர்கள் முகத்துக்கு நேரே படிக்க முடிந்ததை எங்கே வேண்டுமானாலும் அச்சில் போடலாம். நான் போட்டது சாக்கு இல்லை, பழைய லுங்கி என்று அவர் சொன்னால் லுங்கி என்று திருத்து. அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும், பிடித்தவர் அவர்.

பத்திரிகையில் இருந்து ஒன்றிரண்டு திரும்பி வரலாம். வந்தால் அடுத்ததுக்கு அனுப்பு. மாமியாரை இன்னும் கொஞ்சம் கொடுமைக்காரியாக மாற்றினால் போடுகிறோம் என்று யாராவது கேட்டால் மட்டும் கொடுக்காதே.

ஆனித் திருமஞ்சனத்துக்கு எல்லாரும் வர வேண்டும். சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் நான் செய்து வைக்கிறேன். மாமா தேங்காய் துருவித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இந்த வருடம் வெங்காயமும் அவர் பொறுப்புதான். நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. தேர் அன்றைக்கு வீதிக்குள் ஆட்டோ விடமாட்டார்கள், பஸ் ஸ்டாண்டிலிருந்து உன் மாமியாரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதனால் அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல் நாள் சாயங்காலமே வந்துவிடு. மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து மறுநாள் காலை ரயிலில் வரட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை